நரம்பு நோய்க்கு எந்த விலங்கு: சுண்டெலிக்கு ஆர்டர் போடும் முன்

அரிய மரபு நரம்பு நோய் ஒன்றை எடுத்துக்கொண்டு ஆய்வில் இறங்குகிற மாணவர்கள் முதலில் கேட்பது "எந்தச் சுண்டெலி வாங்கலாம்?" என்றுதான். அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. அதற்கு முன்னால் பதில் தெரிந்திருக்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. அவற்றைத் தாண்டி நேராகச் சுண்டெலியில் கைவைத்தால், இரண்டு ஆண்டு கழித்து நோயே வராத ஒரு சுண்டெலிக் கூட்டத்துக்குத் தீனி போட்டுக்கொண்டிருக்க நேரும். ஆய்வகத்தில் சேரப்போகிறவர்களுக்கும் சேர்ந்து சில மாதமே ஆனவர்களுக்கும் எழுதுகிறேன். பிள்ளைக்கு இப்படி ஒரு நோய் என்று தெரிந்தபின் கிடைக்கிற ஆய்வுக் கட்டுரையையெல்லாம் படிக்கும் பெற்றோருக்குக் கடைசிப் பகுதி உதவும்.

ஒன்றை மனதில் வையுங்கள். எந்த விலங்கும் உங்கள் நோயாளியாக ஆகாது, நோயின் ஒரு துண்டைத்தான் அது காட்டும். எந்தத் துண்டு வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் விலங்கைத் தேர்ந்தெடுப்பது பாதி முடிந்த மாதிரி.

மரபணு என்ன செய்கிறது, அதிகமாகவா குறைவாகவா?

நோயாளியின் மரபணு அறிக்கையில் ஒரு பிறழ்வு எழுதியிருக்கும். அந்தப் பிறழ்வால் புரதம் இல்லாமல் போகிறதா, குறைகிறதா, அளவுக்கு மீறி வேலை செய்கிறதா, அல்லது இதுவரை இல்லாத ஒரு நச்சு வேலையைத் தொடங்குகிறதா? இதற்குப் பதில் தெரியாமல் "நாக்அவுட் செய்து பார்ப்போம்" என்பது குருட்டாம்போக்கு. ஏனென்றால் நாக்அவுட் என்பது மரபணுவையே எடுத்துவிடுவது. புரதம் இல்லாததால் வருகிற நோய்க்குத்தான் அது பொருந்தும்.

ஏ.சி.ஓ.எக்ஸ்.1 என்ற மரபணுவைப் பாருங்கள். அதன் இரண்டு நகல்களும் கெட்டுப்போனால் மிக நீண்ட சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் உடலில் தேங்கும், குழந்தைப் பருவத்திலேயே மூளை பாதிக்கப்படும் என்பது பழைய செய்தி. ஆனால் ஒரே ஒரு நகலில் மட்டும் மாற்றம் இருந்த சிலருக்கு வேறு மாதிரியான நரம்புச் சிதைவு வந்தது. அமெரிக்காவில் பேய்லர் மருத்துவக் கல்லூரியில் ஹியூகோ பெல்லன் குழு இதைப் பழ ஈயில் வைத்துப் பார்த்தது. இந்த மாற்றம் நொதியைக் குறைக்கவில்லை, அடங்காமல் வேலை செய்ய வைக்கிறது. அதனால் நரம்புகளைத் தாங்கும் கிளையா செல்களில் ஆக்ஸிஜன் நச்சு பெருகுகிறது என்று 2020-இல் காட்டினார்கள். சிகிச்சையின் திசையே திரும்பிவிட்டது, கவனித்தீர்களா? முதல் வகைக்காரருக்கு நொதி வேண்டும், இரண்டாம் வகைக்காரருக்கு அதே நொதியைக் கொடுத்தால் கேடு.

வளர்ந்துவந்த குழந்தை பேச்சையும் கைப்பயன்பாட்டையும் இழக்கும் ரெட் சிண்ட்ரோமிலும் இதே சங்கடம். எம்.இ.சி.பி.2 மரபணு கெட்டால் ரெட் வரும், ஹூடா ஸோக்பி ஆய்வகம் 1999-இல் கண்டுபிடித்தது. அதே மரபணு ஒன்றுக்கு இரண்டாக இருந்தாலும் நோய்தான், பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு வரும் கடுமையான நோய். அப்படியானால் "மரபணுவை உள்ளே செலுத்திக் குணப்படுத்துவோம்" என்று திட்டம் போடுகிறவர், ஒரு செல்லுக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்பதை அளக்கும் விலங்கைத்தான் தேட வேண்டும். நோய் இருக்கிற விலங்கு ஒன்று கையில் இருந்தால் மட்டும் போதாது.

விலங்குக்கு அந்த மரபணு இருக்கிறதா, அதே வேலைதான் செய்கிறதா?

இதைத் தவறவிட்டால் எல்லாம் வீண். ஒரு வகைக் கொழுப்பு மூளை செல்களில் தேங்கும் டே-சாக்ஸ் நோய்க்கு ஹெக்ஸ்-ஏ மரபணுவை எடுத்துவிட்ட சுண்டெலியை 1990-களின் நடுவில் உருவாக்கினார்கள். மனிதக் குழந்தை நான்கைந்து வயதைத் தாண்டுவது அரிது, அப்படிப்பட்ட நோய். சுண்டெலியோ கிட்டத்தட்ட ஒன்றும் நடக்காதது போல ஓடிக்கொண்டிருந்தது. காரணம், சுண்டெலியின் செல்லுக்குள் சியாலிடேஸ் என்ற நொதி வழியாக ஒரு மாற்றுப்பாதை இருக்கிறது, தேங்க வேண்டிய கொழுப்பை அது வேறு வழியில் கரைத்துவிடுகிறது. ஆனால் அந்தக் குடும்பத்தின் இன்னொரு மரபணுவான ஹெக்ஸ்-பி-யை எடுத்தால், அதாவது சாண்ட்ஹாஃப் நோயில், சுண்டெலி நான்கு மாதத்தில் செத்துப்போகிறது. டே-சாக்ஸ் இயற்கையாகவே வந்த விலங்கு கடைசியில் எங்கே கிடைத்தது தெரியுமா? ஜேக்கப் என்ற செம்மறி இனத்தில்.

இன்னொரு பழைய பாடம் லெஷ்-நைஹன் நோய். ஹெச்.பி.ஆர்.டி. மரபணு இல்லாத சுண்டெலியை 1987-இலேயே, கருத்தண்டு செல்லை வைத்து உருவாக்கிய முதல் சுண்டெலிகளில் ஒன்றாக, இரண்டு குழுக்கள் செய்து காட்டின. இந்த நோய் உள்ள பையன்கள் தங்கள் உதட்டையும் விரலையும் தாங்களே கடித்துக்கொள்வார்கள். சுண்டெலிகள் அப்படி எதுவும் செய்யவில்லை, சாதாரணமாகவே இருந்தன. மரபணு ஒன்றுதான், மூளை வேறு.

எதிர்ப்பக்கமும் உண்டு. மரபணு சுண்டெலியில் ஒற்றையாக இருந்து, மனிதனில் இரட்டையாக இருந்தால்? தண்டுவடத் தசைச் சிதைவு நோய், எஸ்.எம்.ஏ. என்று எல்லோரும் சொல்வது, இதற்குச் சரியான உதாரணம். நமக்கு எஸ்.எம்.என்.1 உண்டு, பக்கத்திலேயே எஸ்.எம்.என்.2 என்ற அரைகுறை நகலும் உண்டு. முதலாவது போனாலும் இரண்டாவது கொஞ்சம் புரதம் தருவதால்தான் குழந்தை பிறக்கவே முடிகிறது, எஸ்.எம்.என்.2 எத்தனை நகல் இருக்கிறது என்பதைப் பொறுத்து நோயின் கடுமை மாறும். சுண்டெலிக்கு ஒரே ஒரு எஸ்.எம்.என். மரபணுதான். அதை எடுத்தால் கரு தங்குவதே இல்லை. அமெரிக்காவில் ஒஹையோவிலும் தைவானிலும் இரண்டு ஆய்வகங்கள் 2000-ஆம் ஆண்டில் மனித எஸ்.எம்.என்.2-வை சுண்டெலிக்குள் வைத்தன. இரண்டு நகல் வைத்த குட்டிகள் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை, எட்டு நகல் வைத்தவை நன்றாகவே இருந்தன. மனித நோயின் தர்க்கம் அப்படியே வந்துவிட்டது! பிற்பாடு வந்த நுசினெர்சென் என்ற மருந்து எஸ்.எம்.என்.2-வின் ஆர்.என்.ஏ-வில் மனிதனுக்கே உரிய ஒரு வரிசையில் போய் ஒட்டுகிற மருந்து. அந்த மனித மரபணு உள்ளே இல்லாத சுண்டெலியில் அதைச் சோதித்தே இருக்க முடியாது. 2016 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

ஆகவே செய்ய வேண்டியது: உங்கள் மரபணுவின் இணை ஒவ்வொரு விலங்கிலும் உண்டா, எத்தனை நகல், எந்த செல்லில் வேலை செய்கிறது, ஏற்கெனவே யாராவது அதைக் கெடுத்துப் பார்த்திருக்கிறார்களா என்று ஒரு முழு நாள் உட்கார்ந்து தேடுங்கள். மார்வெல் என்ற இலவச இணையத் தளம் மனிதன், சுண்டெலி, மீன், ஈ, புழு, ஈஸ்ட் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் போட்டுக் காட்டும். சூப்பர் ஹீரோ படத்தின் பெயரை வைத்திருக்கிறார்களே என்று சிரிக்காதீர்கள், அரிய நோய்க்காரர்களுக்கு இது பெரிய வரம்.

பதில் சொல்லக்கூடிய மிகச் சின்ன விலங்கிலிருந்து தொடங்குங்கள்

"இந்த மாற்றம்தான் நோய்க்குக் காரணமா?" என்பது மட்டும்தான் உங்கள் கேள்வி என்றால் பெரும்பாலும் பழ ஈ போதும். பத்து நாளில் ஒரு தலைமுறை, செலவு குறைவு, உலகம் முழுக்கப் பங்கு போட்டுக்கொள்ளும் பழக்கம் உள்ள துறை. அமெரிக்காவில் ப்ளூமிங்டன் மையத்திலிருந்து குப்பியில் ஈக்களே வந்துவிடும். இன்று பலரும் செய்யும் முறை இது: ஈயின் சொந்த மரபணுவை நிறுத்திவிட்டு, அதே இடத்தில், அதே நேரத்தில் மனித மரபணுவை வேலை செய்ய வைப்பது. நல்ல மனித நகல் ஈயைக் காப்பாற்றி, நோயாளியின் நகல் காப்பாற்றாவிட்டால் அந்த மாற்றம் கெட்டது என்று தைரியமாகச் சொல்லலாம். நல்ல நகலே காப்பாற்றவில்லை என்றால்? ஈயிடம் உங்கள் கேள்விக்குப் பதில் இல்லை, அடுத்த விலங்குக்குப் போங்கள்.

ஈயில் நரம்புக் கோளாறை அளக்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். கண்ணாடிக் குப்பியில் இருபது ஈயைப் போட்டு, மேசைமேல் ஒரு ரப்பர் விரிப்பில் டக் டக்கென்று தட்டினால் எல்லாம் அடியில் விழும். ஆரோக்கியமான ஈ உடனே மேலே ஏறும், அதன் சுபாவம் அது. குப்பியில் ஒரு கோடு போட்டு, பத்து நொடியில் கோட்டைத் தாண்டியவை எத்தனை என்று எண்ணுங்கள், கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டால் இன்னும் நல்லது. கவனிக்க வேண்டியது: கார்பன் டை ஆக்ஸைடு கொடுத்து மயக்கிப் பிரித்த ஈயை அன்றைக்கே ஓட விடாதீர்கள், ஒரு நாள் விட்டுச் செய்யுங்கள். அப்புறம் வெப்பம். ஈயில் மனித மரபணுவை இயக்க எல்லோரும் பயன்படுத்தும் கால்4 முறை 29 டிகிரியில் பலமாகவும் 18 டிகிரியில் மெதுவாகவும் வேலை செய்யும். மின்வெட்டில் இன்குபேட்டர் நின்றுபோன வாரத்தின் முடிவுகளைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், பரிதாபப்படாமல்.

புழுவைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. சி. எலிகன்ஸுக்கு 302 நரம்பணுக்கள், ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, ஆயுள் இரண்டு மூன்று வாரம். புரதம் திரண்டு கட்டியாகும் நோய்களுக்கு நல்லது. நரம்பிழையைச் சுற்றும் கொழுப்புப் போர்வையான மயலின் உறை கிடையாது, ஆகவே அந்த உறை கெடும் வெண்பொருள் நோய்களை ஆராய்கிறவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஜீப்ரா மீனின் பலம் மருந்து தேடுவதில். குஞ்சு கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும், ஐந்து நாளில் நீந்தும், 96 குழித் தட்டில் குழிக்கு ஒன்றாகப் போட்டுக் கேமராவில் அசைவைப் பதிவு செய்யலாம். டிராவெட் என்ற கடுமையான குழந்தைப் பருவ வலிப்பு நோய்க்கு, எஸ்.சி.என்.1.ஏ. மரபணுவின் மீன் இணை கெட்ட குஞ்சுகளை வைத்து, சான் பிரான்சிஸ்கோவில் ஸ்காட் பராபன் ஆய்வகம் 2013-இல் 320 சேர்மங்களைச் சோதித்தது. கிளெமிசோல் என்ற பழைய ஒவ்வாமை மருந்து ஒன்று வலிப்பை அடக்கியது. சுண்டெலியில் 320 மருந்தை இப்படிச் சோதிக்க எந்த மானியமும் போதாது.

மீனில் இரண்டு பொறிகள் உண்டு. அதன் முன்னோர்களில் மரபணுத் தொகுதி முழுக்க ஒருமுறை இரட்டித்துவிட்டதால் பல மரபணுக்களுக்கு 'ஏ', 'பி' என்று இரண்டு நகல் இருக்கும், ஒன்றை மட்டும் கெடுத்துவிட்டு "நோய் வரவில்லை" என்று எழுதிவிடக் கூடாது. இரண்டாவது, மார்ஃபோலினோ ஊசி போட்டு மரபணுவைத் தற்காலிகமாக அடக்கியபோது தெரிகிற கோளாறு, அதே மரபணுவை நிரந்தரமாகக் கெடுத்த மீனில் பல நேரம் காணாமல் போய்விடும். சில இடங்களில் ஊசியின் நச்சு காரணம், சில இடங்களில் மற்ற மரபணுக்கள் ஏறி வந்து ஈடுகட்டுவது காரணம். மார்ஃபோலினோ முடிவை மட்டும் காட்டும் கட்டுரையை நான் முதல் தகவலாக மட்டுமே எடுத்துக்கொள்வேன்.

சரி, சுண்டெலிதான் என்றால்

நடத்தை, தண்டுவடம், மயலின், மருந்து உடலில் எப்படிப் பரவுகிறது, மரபணுச் சிகிச்சை என்றெல்லாம் கேள்வி வந்துவிட்டால் சுண்டெலியைத் தவிர்க்க முடியாது. மூன்று வாரக் கர்ப்பம், பிறந்த குட்டி ஆறிலிருந்து எட்டு வாரத்தில் இனப்பெருக்கத்துக்குத் தயார்.

முதலில் எந்த இனவழி, அதாவது உறவுக்குள்ளேயே இணைத்து வளர்த்த எந்த வம்சம், என்று பாருங்கள். டிராவெட்டையே எடுத்துக்கொள்வோம். எஸ்.சி.என்.1.ஏ.-வின் ஒரு நகல் கெட்ட சுண்டெலி 129 என்ற வழியில் பிறந்தால் ஏறக்குறைய நன்றாக இருக்கும். அதையே பிளாக் 6 உடன் கலந்தால் வலிப்பு வந்து குட்டிகள் திடீர் திடீரெனச் சாகும். அதே மரபணு, அதே சேதம்தான். ஆகவே "எங்கள் சுண்டெலிக்கு வலிப்பே வரவில்லை" என்று வருத்தப்படுவதற்கு முன் அதன் அப்பா அம்மா யார் என்று கேளுங்கள். இன்னொன்று, எஃப்.வி.பி., சி3எச் என்ற வழிகளில் பல சுண்டெலிகள் விழித்திரைச் சிதைவோடு பிறந்து சில வாரத்தில் கண் தெரியாமல் போய்விடும். அவற்றைத் தண்ணீர்த் தொட்டியில் விட்டு, சுவரில் உள்ள அடையாளத்தைப் பார்த்து மேடையைக் கண்டுபிடிக்கிறதா என்று சோதித்தால் "ஞாபக சக்தி இல்லை" என்றுதான் முடிவு வரும். பிளாக் 6-க்கோ வயதாக ஆகக் காது மந்தமாகும். ஒலி கொடுத்துப் பயமுறுத்தும் சோதனை வைத்திருந்தால் இதையும் யோசியுங்கள்.

மரபணுவை எப்படி உள்ளே வைத்திருக்கிறார்கள் என்பது அடுத்தது. மரபணுவில் சி.ஏ.ஜி. என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வந்து தொடர் நீண்டுபோவதால் வரும் எஸ்.சி.ஏ.1 என்ற சிறுமூளைத் தள்ளாட்ட நோயை நம் பக்கத்தில் கவனிக்க வேண்டிய காரணம் உண்டு. ஒரு தமிழ்ச் சமூகத்தில் இது மிக அதிகமாக இருப்பதாக 2005-இல் ஆய்வு வெளிவந்திருக்கிறது. இதற்கான முதல் சுண்டெலியை ஹேரி ஆர், ஹூடா ஸோக்பி குழுவினர் 1995-இல் செய்தார்கள். அதில் கெட்ட மனித மரபணு சிறுமூளையின் பர்கின்ஜி செல்களில் மட்டும் வேலை செய்யும், அதுவும் மிகையாக. தள்ளாட்டம் ஏன் வருகிறது என்று கேட்க அருமையான விலங்கு. ஆனால் எஸ்.சி.ஏ.1 நோயாளிகள் கடைசியில் துன்பப்படுவது விழுங்க முடியாமல், மூச்சு விட முடியாமல். அது மூளைத்தண்டின் வேலை. அந்தக் கேள்விக்கு சுண்டெலியின் சொந்த மரபணுவிலேயே நீண்ட தொடரைச் செருகிய, 2002-இல் வந்த நாக்-இன் சுண்டெலிதான் பொருத்தம். ஒரே நோயின் பெயரில் இரண்டு விலங்கு, இரண்டு கேள்வி.

நீள்தொடர் நோய்களில் வேறொரு சிக்கலும் உண்டு. ஹண்டிங்டன் என்ற மூளைச் சிதைவு நோயாளிக்கு நாற்பதுக்குச் சற்று மேல் சி.ஏ.ஜி. எழுத்துத் தொடர் இருந்தாலே நடுவயதில் நோய் வந்துவிடும். சுண்டெலியின் ஆயுளே இரண்டு மூன்று ஆண்டு, அந்த நீளத்துக்கு அது நோயைக் காட்டுமுன் முதுமையில் போய்விடும். அதனால் நூறுக்கு மேல் வைக்கிறார்கள். ஜில்லியன் பேட்ஸ் ஆய்வகம் 1996-இல் செய்த ஆர்6/2 சுண்டெலியில் மரபணுவின் முதல் துண்டு மட்டும், சுமார் 150 தொடரோடு. மூன்று மாதம் தாண்டினால் அதிகம். வேகமாக முடிவு கிடைக்கும், அதனால் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் ஐம்பது வயதில் மெல்லத் தொடங்கும் நோயை இது காட்டுகிறது என்று எழுதுவது கொஞ்சம் அதிகம்.

ஆணா பெண்ணா என்பதும் முக்கியம். ரெட் வருவது ஏறக்குறைய பெண் குழந்தைகளுக்கு மட்டும். ஒவ்வொரு செல்லிலும் ஒரு எக்ஸ் குரோமோசோம் அணைந்திருப்பதால் அவர்கள் மூளையில் நல்ல செல்லும் கெட்ட செல்லும் கலந்திருக்கும். ஆய்வகங்கள் விரும்புவதோ மரபணு முழுக்க இல்லாத ஆண் சுண்டெலியை, ஆறு வாரத்தில் அறிகுறி வந்து சில வாரங்களில் செத்துவிடும் என்பதால். பெண் சுண்டெலிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருங்கள் என்பேன், குறைந்தது கடைசிச் சோதனைக்காவது.

எப்படிப் பார்ப்பது? விலையுயர்ந்த கருவிக்கு முன் கண்ணால் பார்க்கப் பழகுங்கள். வாலின் அடியைப் பிடித்து அரை நிமிடம் தூக்கினால், நல்ல சுண்டெலி பின்னங்கால்களை இரண்டு பக்கமும் விரித்து, தரையைத் தேடுவது போல உதறும். நரம்பு நோய் உள்ளது பின்னங்கால்களை வயிற்றோடு ஒட்டி, பாதங்களைக் கோத்துக்கொள்ளும். முதல் நிலையில் ஒரு காலை மட்டும் உள்ளே இழுக்கும், விட்டுவிடும், மறுபடி இழுக்கும். அந்த நிலையைப் பிடித்துவிட்டால் சுழலும் உருளைமேல் எவ்வளவு நேரம் நிற்கிறது என்ற சோதனை சொல்வதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். எஸ்.எம்.ஏ. குட்டிகளுக்கு இதைவிட எளிது, மல்லாக்கப் போட்டுத் திரும்பிக் குப்புற விழ எத்தனை நொடி என்று பாருங்கள். கை சூடாக இருக்கட்டும், குளிர்ந்த குட்டி எதுவானாலும் திரும்பாது.

எத்தனை சுண்டெலி? இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள்

இயக்க நரம்புகள் சிதைந்து தசைகள் செயலிழக்கும் ஏ.எல்.எஸ். நோய்க்கு, கெட்ட மனித எஸ்.ஓ.டி.1 மரபணுவைச் சுமக்கும் சுண்டெலி 1994-இல் வந்தது. அதன்பின் "ஆயுள் பத்து சதவீதம் கூடியது" என்று மருந்து மேல் மருந்தாகக் கட்டுரைகள் வந்தன, மனிதனிடம் போனதும் ஏறக்குறைய எல்லாம் தோற்றன. மினோசைக்ளின் சுண்டெலிக்கு நல்லது என்றார்கள். 2007-இல் முடிந்த பெரிய மனித ஆய்வில், மருந்து எடுத்தவர்கள் எடுக்காதவர்களைவிட வேகமாக நலிந்தார்கள். 2008-இல் அமெரிக்காவின் ஏ.எல்.எஸ். சிகிச்சை மேம்பாட்டு நிறுவனம், எழுபதுக்கும் மேற்பட்ட மருந்துகளைக் கறாரான முறையில் மறுபடி சோதித்ததை வெளியிட்டது. முன்பு வேலை செய்ததாகச் சொல்லப்பட்டவை ஒன்றும் நிற்கவில்லை. முந்தைய 'வெற்றிகள்' பெரும்பாலும் தற்செயல் ஏற்ற இறக்கம்தான் என்றார்கள்.

அவர்கள் சொன்ன வழி இன்றும் சரி. குழுவுக்குக் குறைந்தது 24 விலங்கு, ஆணும் பெண்ணும் சமமாக. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளைப் பிரித்து, ஒன்றை மருந்துக் குழுவிலும் ஒன்றை வெறும் கரைசல் குழுவிலும் போட வேண்டும், ஏனென்றால் ஒரே தாயின் குட்டிகள் ஒரே மாதிரி வாழும், ஒரே மாதிரி சாகும். நோயால் சாகாதவற்றைக் கணக்கிலிருந்து, முன்பே எழுதிவைத்த விதிப்படி, நீக்க வேண்டும். மனித மரபணுவின் நகல் எண்ணிக்கையைத் தலைமுறை தோறும் அளக்க வேண்டும், எஸ்.ஓ.டி.1 சுண்டெலியில் இருபதுக்கு மேல் நகல் இருக்கிறது, சில குட்டிகளில் அது பாதியாகக் குறைந்துபோகும். குறைந்தால் ஆயுள் கூடும். அந்தக் குட்டி மருந்துக் குழுவில் விழுந்துவிட்டால் உங்களுக்கு ஒரு பொய்யான கண்டுபிடிப்பு கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

இதைக் கூட்டிப் பாருங்கள். இரண்டு நகலும் கெட்டால் வரும் நோய் என்றால் நான்கில் ஒரு குட்டிதான் நோயுள்ளது. இரண்டு குழுவுக்கு 48 வேண்டும் என்றால் 192 குட்டி பிறக்க வேண்டும். ஈற்றுக்கு ஏழு என்று வைத்தாலும் 28 ஈற்று. இதைத் திட்டத்தின் முதல் பக்கத்தில் எழுதாமல், பணம் கிடைத்தபின் கூண்டு போதவில்லை என்று "குழுவுக்கு ஆறு போதும்" என்ற முடிவுக்கு வருவதுதான் வழக்கமாக நடக்கிறது. ஆறை வைத்து நூறு விலங்கைக் கொல்வதைவிட, 24-ஐ வைத்து ஒரே ஒரு கேள்வியைக் கேட்பது விலங்குக்கும் நல்லது. எது எந்தக் குழு என்று அளக்கிறவருக்குத் தெரியக் கூடாது. கூண்டில் வெறும் எண் ஒட்டுங்கள், எந்த எண் எந்தக் குழு என்ற பட்டியலை வேறொருவர் வைத்திருக்கட்டும்.

மருந்தை எந்த வயதில் கொடுக்கிறீர்கள்?

எஸ்.எம்.ஏ. சுண்டெலிக்கு ஏ.ஏ.வி.9 என்ற வைரஸில் ஏற்றி எஸ்.எம்.என். மரபணுவைக் கொடுத்த 2010 ஆய்வில், பிறந்த முதல் நாள் போட்டவை மாதக்கணக்கில் வாழ்ந்தன; ஐந்தாம் நாள் போட்டவற்றுக்குப் பாதிப் பலன், பத்தாம் நாள் போட்டவற்றுக்குப் பலனே தெரியவில்லை. சிகிச்சை அளிக்காத குட்டிக்கு ஆயுள் இரண்டு வாரம்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இந்தச் செய்தி மனிதனிலும் அப்படியே பொருந்தியது. அறிகுறி வரும் முன்பே நுசினெர்சென் கொடுத்த 25 கைக்குழந்தைகள் பற்றிய ஆய்வில், 2019 அறிக்கை வரும்போது எல்லோரும் உயிரோடு இருந்தார்கள், யாருக்கும் நிரந்தர மூச்சுக்கருவி தேவைப்படவில்லை.

ஆகவே உங்கள் சோதனையில் குறைந்தது இரண்டு வயதாவது வேண்டும்: அறிகுறிக்கு முன், அறிகுறிக்குப் பின். பிறந்த அன்றே மருந்து போட்டு வெற்றி கண்டால், ஏற்கெனவே நோயோடு வருகிற ஏழு வயதுப் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று அந்தச் சோதனை ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பி வர முடியுமா என்பதை மட்டும் தனியாகக் கேட்கவும் வழியுண்டு. எடின்பரோவில் ஏட்ரியன் பேர்ட் குழு சுண்டெலியின் எம்.இ.சி.பி.2-க்குள் ஒரு தடையைச் செருகி, நோய் முற்றியபின் டமாக்ஸிஃபென் கொடுத்து அந்தத் தடையை எடுத்தது. மூச்சுத் திணறி நடுங்கிக்கொண்டிருந்த சுண்டெலிகள் தேறின. 2007-இல் வந்த இந்த முடிவு, ரெட் நோயில் நரம்பணுக்கள் சாகவில்லை, காத்திருக்கின்றன என்று காட்டியது. மரபணுவை ஒரேயடியாகத் திறந்துவிட்டபோது பல சுண்டெலிகள் செத்தன, கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தபோதுதான் பிழைத்தன என்பதும் அதே கட்டுரையில் இருக்கிறது. அதை யாரும் செய்தியாகப் போடுவதில்லை.

சுண்டெலிக்குப் பிறகு

சுண்டெலி மூளை அரை கிராம்கூட இல்லை. ஓரிடத்தில் ஊசி போட்டால் மருந்து முழுக்கப் பரவிவிடும். நம் மூளை ஒன்றேகால் கிலோவுக்கு மேல். அந்த வித்தியாசத்தைத் தாண்டத்தான் நாயும் செம்மறி ஆடும் பன்றியும். குழந்தைகளின் பார்வையையும் அறிவையும் மெல்லப் பறிக்கும் பேட்டன் நோயின் ஒரு வகையான சி.எல்.என்.2-இல் டி.பி.பி.1 என்ற நொதி இருக்காது. டாக்ஸ்ஹூண்ட் நாய்களில் சிலவற்றுக்கு இது இயற்கையாகவே வரும். மிசௌரி பல்கலைக்கழகத்தில் அந்த நாய்களின் மூளைத் தண்டுவட நீரில் நொதியைச் செலுத்திப் பார்த்தார்கள், நோய் தள்ளிப்போனது, ஆயுள் கூடியது. அதே வழியில்தான் செர்லிபோனேஸ் ஆல்ஃபா குழந்தைகளுக்குப் போய், 2017-இல் அனுமதி பெற்றது: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மூளையின் அறைக்குள் நேராக. நியூசிலாந்தில் பேட்டனின் வேறு வகைகள் வரும் செம்மறி மந்தைகளை இதற்காகவே வளர்க்கிறார்கள்.

இனம் மாறினால் எல்லாம் மாறலாம் என்பதற்கு ஏ.ஏ.வி-பி.எச்.பி.பி. ஒரு நல்ல எச்சரிக்கை. 2016-இல் கால்டெக் வெளியிட்ட இந்த வைரஸ், இரத்தத்தில் போட்டாலே மூளைக்குள் பிரமாதமாகப் போனது. பிளாக் 6 சுண்டெலியில். பால்ப்-சி சுண்டெலியில் போகவில்லை, குரங்கிலும் அந்த வித்தை பலிக்கவில்லை. அது பிடித்துக்கொண்டு ஏறும் எல்.ஒய்.6.ஏ. என்ற புரதம் குறிப்பிட்ட சுண்டெலி வழிகளில்தான் சரியான வடிவில் இருக்கிறது. நச்சும் அப்படித்தான்: ஏ.ஏ.வி. வைரஸை மிக உயர்ந்த அளவில் கொடுத்தபோது குரங்குக்குக் கல்லீரலும், குரங்கு, பன்றிக்குட்டி இரண்டுக்கும் உணர்வு நரம்புகளும் கெட்டன என்று 2018-இல் ஜேம்ஸ் வில்சன் குழு எழுதியது.

சில நேரம் நோயுள்ள விலங்கே தேவைப்படாது. பாஸ்டனில் ஒரே ஒரு குழந்தைக்காக வடிவமைத்த மிலாசென் என்ற மருந்தை அவளுடைய தோல் செல்களில் சோதித்து, நச்சு இருக்கிறதா என்று மட்டும் எலியில் பார்த்து, 2018-இல் கொடுக்கத் தொடங்கினார்கள். அந்தப் பிறழ்வு அவளுக்கே உரியது, அதை வைத்துச் சுண்டெலி செய்து வளர்க்கக் காலம் இல்லை.

அனுமதி

இந்தியாவில் என்றால் 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், அதன் கீழ் விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் மத்திய அரசுக் குழுவான சி.சி.எஸ்.இ.ஏ., முன்பு சி.பி.சி.எஸ்.இ.ஏ. என்று எல்லோரும் சொன்னது. சுண்டெலி, எலி போன்றவற்றுக்கு உங்கள் நிறுவனத்தின் விலங்கு நெறிக்குழு முடிவெடுக்கும், நாய், குரங்கு போன்ற பெரிய விலங்குக்கு டெல்லி வரை போக வேண்டும். மீனுக்கும் குழுவிடம் கேளுங்கள். விண்ணப்பத்தில் அந்த 48-ஐயும் 192-ஐயும் காரணத்தோடு எழுதுங்கள். பிறந்து, நோயில்லாததால் பயன்படாமல் போகும் குட்டிகளுக்கு என்ன ஆகும் என்பதையும். எந்த நிலையில் விலங்கைக் கருணையோடு கொல்வீர்கள் என்பதை எடை, நடை, தீனி எடுப்பது என்று அளவோடு சொல்லுங்கள். "நோய் முற்றியபின்" என்று எழுதினால் நல்ல குழு திருப்பி அனுப்பும், அனுப்பவும் வேண்டும். சாகும் வரை காத்திருக்காமல், மல்லாக்கப் போட்டால் 30 நொடிக்குள் திரும்ப முடியாத நிலையை முடிவாக வைப்பது ஏ.எல்.எஸ். சுண்டெலியில் நடைமுறை.

பெற்றோர் படிக்கும்போது

"சுண்டெலியில் குணமானது" என்ற செய்தி வந்தால் கட்டுரையைத் திறந்து, முறைகள் பகுதிக்கு நேராகப் போங்கள். உங்கள் பிள்ளையின் மாற்றமா, அதே மரபணுவின் வேறு மாற்றமா? குழுவுக்கு எத்தனை விலங்கு, அளந்தவருக்கு எந்தக் குழு என்று தெரியுமா? எந்த வயதில் கொடுத்தார்கள், அது பிள்ளையின் வயதோடு ஒப்பிட்டால் எங்கே நிற்கிறது? மருந்து எந்த வழியாகப் போனது, அந்த வழி சுண்டெலியைவிடப் பெரிய விலங்கில் வேலை செய்திருக்கிறதா? வேறொரு ஆய்வகம் இதைத் திரும்பச் செய்திருக்கிறதா? ஐந்துக்கும் பதில் கட்டுரையில் இருந்தால் அச்செடுத்து உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் எடுத்துப்போங்கள். இரண்டுக்குமேல் பதில் இல்லை என்றால் கோப்பில் வைத்துவிட்டு, அடுத்த கட்டுரை வரும்வரை அந்த மருந்தை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் முயற்சியில் பணத்தை விடாதீர்கள், யார் எவ்வளவு உருக்கமாகப் பேசினாலும்.